கதிரைகளை எண்ணி ஒப்படைத்தோம், பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசிரியர் இடமாற்றம் பற்றிய செய்திகளும் அறிக்கைகளும் ஆண்டுதோறும் தங்கள் நாளிதழில் வெளிவருவதைத் தவறாமல் வாசித்து வருகிறேன். எங்கே எத்தனை வெற்றிடம், யாருக்குக் கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்தது, யாருடைய மேன்முறையீடு ஏற்கப்படவில்லை என்ற அளவிலேயே அந்தப் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஓர் ஆசிரியர் ஒரு வகுப்பை விட்டுப் போகும்போது அவரோடு சேர்ந்து அந்த வகுப்பிலிருந்து வேறு என்ன போகிறது என்பதைப் பற்றி யாரும் எழுதக் காணவில்லை. வன்னியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆரம்பப் பிரிவில் கற்பித்துவருபவள் என்ற முறையில் அதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. சிறிய விடயங்களைச் சுருக்கினால் அவற்றில் ஒன்றும் மிஞ்சாது என்பதால் நீளமாகவே அனுப்புகிறேன்.

ஆரம்பப் பிரிவில் பாடவேளைக்குப் பாடவேளை ஆசிரியர் மாறுவதில்லை. தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் வகுப்பாசிரியர் ஒருவரே கற்பிக்கிறார். காலை 7.30 மணிக்கு மணியடித்துத் தேவாரம் பாடி முடிந்ததிலிருந்து பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கும் வரை அவர் முன்னால் இருப்பவை அதே முகங்கள்தான். எங்கள் பாடசாலையைப் போன்ற சிறிய இடங்களில் இரண்டு தரங்களை ஒரே அறையில் இருத்தி, ஒரு பக்கத்துக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு மறுபக்கத்துக்கு வாசிப்பை நடத்துவதும் வழக்கம். இப்படி ஓர் ஆண்டு முழுவதும் பக்கத்திலேயே இருக்கும்போது, பாடக்குறிப்பில் இடமில்லாத, எழுதும்படி யாரும் கேட்காத எத்தனையோ செய்திகள் ஆசிரியரின் கண்ணுக்கும் கைக்கும் தெரியவருகின்றன.

மாரி காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் வாடைக்காற்றோடு மழை தொடங்கிவிட்டால், காலையில் இடாப்புக் கூப்பிடும்போது நான் மேசையில் இருப்பதில்லை. வகுப்பின் நடுவே நடந்து ஒவ்வொரு பிள்ளையின் தோளிலும் கைவைத்துக்கொண்டே பெயரைக் கூப்பிடுவேன். அன்பினால் தொடுகிறேன் என்று பிள்ளைகள் நினைப்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் நான் முதலில் பார்ப்பது சேட்டு ஈரமா, காய்ந்ததா என்பதை. 1993 ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகத் தருகிறது. பல வீடுகளில் அந்தத் துணியில் தைத்த ஒன்றே ஒன்றுதான் ஆண்டு முழுவதற்கும் உள்ள சீருடை. கூலிவேலைக்குப் போன தாய் மாலையில் வந்து அதைத் தோய்த்து அடுப்படிக் கொடியில் போட்டாலும் மழைக் குளிரில் விடிவதற்குள் காயாது. பிள்ளை விறகுப்புகை மணக்கும் ஈரச் சேட்டோடு வந்து, அரைச்சுவருக்கு மேலால் வரும் காற்றுக்கு நேரே தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும். குளிருகிறது என்று ஒருநாளும் வாய் திறந்து சொல்லாது. அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்காமல், "இன்றைக்கு எல்லாரும் இடம் மாறி இருப்போம்" என்று சொல்லி உள்வரிசைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது எனக்குப் பயிற்சிக் காலத்தில் சொல்லித்தரப்பட்ட பாடம் அன்று. இரண்டு மாரிகள் கடந்த பின்னரே அது எனக்குப் பிடிபட்டது.

காலபோக நெல் குடலை தள்ளும் நாளிலிருந்து அறுவடை வரைக்கும் வேறொன்று இருக்கிறது. காட்டோரக் கிராமங்களில் இரவில் யானையும் பன்றியும் வயலுக்குள் இறங்கும். யானை வெடியும் தீப்பந்தமுமாக வீட்டுக்கு ஒருவர் காவல் கொட்டிலுக்குப் போக வேண்டும். தந்தை இல்லாத வீடுகளில், எங்கள் பகுதியில் அவை கொஞ்சமல்ல, தாய் போகிறார். தாய் போனால் சிறிய பிள்ளையை வீட்டில் தனியே விட முடியாது, அதையும் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டுதான் போவார். ஆகவே தை மாதத்தில் முதலாம் பாடவேளையில் மேசைமீது தலைவைத்து உறங்கும் பிள்ளையை நான் எழுப்புவதில்லை. முக்கால் மணித்தியாலத்தில் அது தானாக எழும்பிக் கொப்பியைத் திறக்கும். அப்படி உறங்கிய ஒரு சிறுமியைத் தட்டி எழுப்பி, "இரவெல்லாம் தொலைக்காட்சியா பார்த்தனீர்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்ட இளம் ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். கற்பித்தலில் என்னைவிடத் திறமையானவர், பிள்ளைகளில் அன்புள்ளவர். அந்த வீட்டில் தொலைக்காட்சி மட்டுமல்ல, அன்று மின்சாரமும் இருக்கவில்லை. வயற்காவல் என்று ஒன்று இருப்பதை அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. பாடசாலையில் இருந்த நாங்களே சொல்லவில்லை.

பாடசாலை உணவைப் பரிமாறும்போதும் சில செய்திகள் கிடைக்கும். திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒரே அளவு சோறுதான் சமைக்கப்படுகிறது. வெள்ளியில் மிஞ்சும் சோறு திங்களில் மிஞ்சுவதில்லை. சனியும் ஞாயிறும் எந்த வீட்டில் எப்படிப் போயின என்பதைத் திங்கட்கிழமைத் தட்டு சொல்லிவிடும். யார் இரண்டாம் முறை கேட்கக் கூச்சப்பட்டுத் தட்டோடு நிற்கிறார்கள் என்று தெரிந்தவர் பரிமாறினால் அந்தப் பிள்ளை கேட்கத் தேவையிராது.

பாலைப்பழக் காலத்தில் வரவு குறைவதும் இப்படித்தான். வைகாசி, ஆனி மாதங்களில் காடு பழுத்துவிட்டால் சில குடும்பங்கள் விடியற்காலையிலேயே உள்ளே போய்ப் பழம் பறித்து வந்து வீதியோரத்தில் விற்கும். அந்தப் பணம் அந்தத் தவணையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் போகிறது. இடாப்பில் அந்தப் பிள்ளைக்கு நான் 'வரவில்லை' என்றுதான் பதிய வேண்டும், பதிகிறேன். ஆனால் மூன்றாம் நாள் உதடெல்லாம் பாலைப்பழப் பால் ஒட்டியிருக்க, தேக்கிலையில் பொதிந்த பழத்தை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் இடத்துக்குப் போகும் பிள்ளையும், எந்தக் காரணமும் தெரியாமல் பங்குனியில் மூன்று நாள் வராமல் போன பிள்ளையும் இடாப்பில் ஒரே அடையாளத்தைத்தான் பெறுகிறார்கள். முதலாமவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டாமவரின் வீட்டுக்கு அன்று மாலையே போக வேண்டும். இந்த வேறுபாட்டை அறிந்தவர் வகுப்பாசிரியர் மட்டுமே.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணமான நிகழ்வைச் சொல்கிறேன்.

2014 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், சேவையின் தேவை கருதி என்று, வேறொரு பாடசாலைக்கு எனக்கு இடமாற்றம் வந்தது. கடிதம் புதன்கிழமை கிடைத்தது, திங்கட்கிழமை புதிய இடத்தில் கடமையேற்க வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் நானும் பிரதி அதிபரும் வகுப்பறைப் பொருட்களை ஒப்படைக்கும் வேலையில் இறங்கினோம். பிள்ளைகளுக்கான மேசை, கதிரை, ஒரு கால் ஆடும் கதிரை வேறாக, ஓர் அலுமாரி, அதன் திறப்பு இரண்டு, உலகப்படம் ஒன்று, எண்சட்டம் ஒன்று, உடைந்த அடிமட்டம் ஒன்று. உடைந்ததையும் உடைந்தது என்று எழுதினோம். பொருட்பதிவேட்டில் இருவரும் கையொப்பமிட்டோம். இடாப்பையும் புள்ளிப்பதிவேட்டையும் ஒப்படைத்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்து முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

அந்த வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். பேசும்போது சொல் தொடங்குவதற்குள் வாய் அடைத்துக்கொள்ளும், திக்கும். ஆனால் வாசிப்பில் வகுப்பிலேயே அவன்தான் முதல்வன் என்பதை நான் தற்செயலாகவே கண்டுபிடித்தேன். ஒருநாள் பக்கத்திலிருந்த மாணவனோடு சேர்ந்து வாசிக்கச் சொன்னபோது, இருவரின் குரலும் ஒன்றாகப் போகையில் அவனுக்கு ஓரிடத்திலும் திக்கவில்லை. அன்றிலிருந்து வாசிப்பு என்றால் அவர்கள் இருவரும் சேர்ந்தே எழும்புவார்கள். தேவாரத்தை அவன் தனியாகவே பாடுவான், பாட்டில் திக்கல் வருவதில்லை. கேள்வி கேட்டால் பதிலைச் சிலேற்றில் எழுதி உயர்த்திக் காட்டுவான். இது எங்கள் வகுப்பின் வழக்கமாகிப் போனதால் ஒரு பிள்ளையும் அதைப் புதினமாகப் பார்க்கவில்லை. எனக்கும் அது வழக்கமாகிவிட்டது. அதனால்தான் யாருக்கும் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

எனக்குப் பின் வந்த ஆசிரியர் முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்லி ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னார். புதிய வகுப்பை அறிந்துகொள்ள எந்த ஆசிரியரும் செய்வது அதுதான், நானும் அதையே செய்திருப்பேன். அவன் எழும்பினான். கூட எழும்பிய நண்பனை இருக்கச் சொல்லிவிட்டார்கள். தன்னுடைய பெயரின் முதல் எழுத்திலேயே அவன் நின்றுவிட்டான். புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டொரு பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அடுத்த நாளிலிருந்து அவன் வரவில்லை. நான் இதை அறிந்தது ஏழு வாரங்களுக்குப் பிறகு, சந்தையில் அவனுடைய அம்மம்மாவைக் கண்டபோது. "நீங்கள் போனாப் பிறகு அவன் பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு நிக்கிறான் ரீச்சர்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே புதிய ஆசிரியரை அவருடைய விடுதியில் சந்தித்துச் சொன்னேன். அவர் கண்கலங்கி, "ஒரு வார்த்தை எழுதி வைத்திருக்கலாமே அக்கா" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அலுமாரித் திறப்பு இரண்டு என்று எழுதிக் கையொப்பமிட்ட கை அந்த ஒரு வரியை எழுதவில்லை.

அவன் பின்னர் திரும்பி வந்தான். இருவருமாக முயன்று கூட்டிவந்தோம். ஆனால் இடையில் விட்ட மாதங்கள் விட்டவைதான். 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்று 2016 இல் விதி மாற்றப்பட்ட பின்னரும், அவன் தரம் 9 இல் நின்றுவிட்டான். சில ஆண்டுகளுக்கு முன் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலில் அவனைக் கண்டேன். வளர்ந்த இளைஞன். கைகூப்பிச் சிரித்தான். நலம் விசாரித்தபோது பக்கத்தில் நின்ற தங்கையே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

இந்தச் சிறுவனுக்காக மட்டும் நான் எழுதவில்லை. எழுதி வைப்பதும் சொல்லிவிட்டுப் போவதும் எவ்வளவு பெறுமதியானவை என்பதை அதற்கு முன்னரே கண்ணால் கண்டிருந்தும் நான் மறந்திருந்தேன் என்பதே என்னை உறுத்துகிறது.

2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போரினால் மேற்கு வன்னி முழுவதும் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் கூடவே நகர்ந்தன. அதிபர்கள் சம்பவத்திரட்டுப் புத்தகத்தையும் சேர்விடாப்பையும் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகப்போகச் சுமை குறைந்துகொண்டே வந்தது, கடைசியில் உயிரைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரங்களில் வகுப்புகளைத் தொடங்கியபோது எங்களிடம் இடாப்பும் இல்லை, விடுகைப் பத்திரமும் இல்லை. பிள்ளை எந்தத் தரம் என்பதைத் தாயிடம் கேட்டுக் கேட்டு எழுதினோம். அவ்வாண்டு ஓகஸ்டில் அந்த முகாமிலிருந்தே பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றினார்கள் என்பதைப் பத்திரிகைகள் அப்போது எழுதின. அதற்கு முன் நடந்த பதிவு வேலையைப் பற்றி எழுத அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

அப்படிப் பதிந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஒரு தாய் தன் மகனைக் கொண்டுவந்து தரம் 3 என்றார். எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். தண்ணீர் வரிசையில் வெற்று வாளியோடு நின்ற முதிய ஆசிரியர் ஒருவர் வரிசையை விட்டு விலகி என் மேசைக்கு வந்தார். அந்தப் பிள்ளைக்கு முந்திய ஆண்டு அவர் வகுப்பாசிரியராக இருந்திருக்கிறார். "இவனுக்கு வலது காது கேளாது பிள்ளை. இடப்பக்கம் நின்று கதையுங்கோ. கணக்கிலே கெட்டிக்காரன். கேட்காதபடியால் பேசாமல் இருப்பான், விளங்கவில்லை என்று நினைத்துவிடாதேயுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போக, அதற்குள் வரிசை நகர்ந்திருந்தது. அவர் கடைசியிலிருந்து மீண்டும் நின்றார். எல்லாப் பதிவேடுகளும் அழிந்துபோன அந்த நாட்களில், ஒரு மனிதர் தன் வீட்டையும் உடைமையையும் விட்டு வந்த வழியெங்கும் அந்தப் பிள்ளையின் காதைப் பற்றிய செய்தியைத் தன்னோடு சுமந்து வந்திருக்கிறார். அதைக் கொடுக்க வேண்டிய கை கிடைத்தவுடன் கொடுத்துவிட்டுப் போனார். அவர் இன்று இல்லை. ஆனால் அந்தப் பையன் பின்னர் க.பொ.த. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தான் என்பதை அவருக்குச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

இடமாற்றம் கேட்கும் ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதுகிறேன் என்று யாரும் கருத வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து நாளாந்தம் வந்துபோகும் ஆசிரியைகள் விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பி, உறங்கும் தம் பிள்ளைகளுக்கு உணவைக் கட்டி வைத்துவிட்டு, இருட்டில் பஸ் ஏறுகிறார்கள். 2014 இல் யாழ்ப்பாணம் வரை புகையிரதப் பாதை மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும், ஏ9 வீதியில் இறங்கி உள்ளூர்களுக்குச் செல்ல இன்னொரு பஸ் வேண்டும். அது பிந்தினால் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். 2022 இல் எரிபொருள் கிடைக்காத மாதங்களில் கிரவல் வீதியில் துவிச்சக்கரவண்டி உழக்கி வந்து, முகம் கழுவக்கூட நேரமின்றி வகுப்புக்குள் நுழைந்தவர்களை நான் அறிவேன். கர்ப்பிணியாக அந்த வீதியில் குலுங்கி வந்தவர்களும் இருக்கிறார்கள். சேவைக்காலம் முடிந்ததும் தம் குடும்பத்தோடு சேர விரும்புவது அவர்களுடைய உரிமை. இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் இங்கே கூடுதலாக ஆசிரியர்களாக வர வேண்டும் என்பது உண்மைதான். வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளியேறும் இளையோரில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அது ஆண்டுகள் எடுக்கும் மாற்றம், அதுவரைக்கும் போகிறவர்கள் போய்க்கொண்டும் வருகிறவர்கள் வந்துகொண்டும்தான் இருப்பார்கள்.

பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பழகிவிட்டது. புதிய ஆசிரியர் வந்த முதல் வாரத்திலேயே, தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் சாட்டில் மேசையருகே வந்து, "நீங்களும் போயிடுவீங்களோ ரீச்சர்?" என்று கேட்பார்கள். அதில் வருத்தமோ முறைப்பாடோ இராது. நாளை மழை வருமா என்று கேட்பதைப் போலக் கேட்பார்கள். எட்டு வயதுப் பிள்ளை அப்படிச் சாதாரணமாகக் கேட்பதுதான் எனக்குப் பொறுக்க முடியாததாக இருக்கிறது. 2003 இல் நான் தொண்டர் ஆசிரியையாக முதன்முதலில் வகுப்பெடுத்தபோது தரம் 3 இல் இருந்த ஒருத்தியின் மகள் இன்று என் வகுப்பில் இருக்கிறாள். தாயும் இதே கேள்வியை இதே போலக் கேட்டவள்.

ஆகவே கல்வி நிர்வாகத்தினரிடமும் அதிபர்களிடமும் ஆசிரிய சங்கங்களிடமும் நான் முன்வைக்கும் வேண்டுகோள் பெரிய செலவுள்ளது அன்று. ஆரம்பப் பிரிவு வகுப்பாசிரியரின் இடமாற்றம் எந்தப் பெயரில் வந்தாலும், தற்காலிக இணைப்பு என்ற பெயரில் வந்தாலும்கூட, தவணை முடிவில் மட்டுமே நடைமுறைக்கு வர வேண்டும். போகிறவரும் வருகிறவரும் குறைந்தது மூன்று நாட்களாவது ஒரே வகுப்பில் ஒன்றாக இருக்க இடமளிக்க வேண்டும். முதல் நாள் புதியவர் பின்வரிசையில் இருந்து பார்க்கட்டும், மூன்றாம் நாள் பழையவர் பின்வரிசையில் இருக்கட்டும். அந்த மூன்று நாட்களுக்கு மற்றப் பாடசாலையில் ஏற்படும் இடைவெளியை அதிபர்கள் ஒழுங்குபடுத்திக்கொள்ள முடியும். கருத்தரங்குகளுக்கும் கூட்டங்களுக்கும் ஆசிரியர்களை நாட்கணக்கில் விடுவிக்கும் நாங்கள் இதற்கும் விடுவிக்கலாம்.

அத்துடன் ஒவ்வொரு வகுப்புக்கும் 80 பக்கக் கொப்பி ஒன்று இருக்கட்டும். பிள்ளைக்கு ஒரு பக்கம். பொருட்பதிவேட்டோடு அதுவும் கையளிக்கப்படட்டும். முன்னேற்ற அறிக்கை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். முன்னேற்ற அறிக்கை, பிள்ளைக்கு எந்தத் தேர்ச்சி வந்தது, எது வரவில்லை என்பதைச் சொல்லும். எப்படிச் சொல்லிக்கொடுத்தபோது வந்தது என்பதை அது சொல்லாது. இவளுக்குக் கரும்பலகையின் வலது மூலை தெரியாது, முன்வரிசையின் நடுவில் இருத்த வேண்டும், கண் கிளினிக்குக்குத் திகதி எடுத்திருக்கிறது என்பதற்கு அந்த அறிக்கையில் கூடு இல்லை. இவன் இடக்கையால் எழுதுபவன், வாங்கின் இடது ஓரத்தில் இருத்தினால்தான் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையில் இடிபடாமல் எழுதுவான் என்பதற்கும் இல்லை.

இத்தகைய கொப்பியில் எதை எழுதக்கூடாது என்பதையும் நான் யோசித்திருக்கிறேன், ஏனெனில் எழுதப்பட்ட சொல் பிள்ளையை விட நீண்ட காலம் அந்தப் பாடசாலையில் இருக்கும். கள்ளன், சோம்பேறி, படிக்கமாட்டான் என்ற தீர்ப்புகள் அதில் ஏறக்கூடாது. குடும்பத்தின் அந்தரங்கம் ஏறக்கூடாது. தந்தை என்ன ஆனார், தாய் யாரோடு வாழ்கிறார், எந்த ஊரிலிருந்து யாராக வந்தவர்கள் என்பவை எந்தக் கொப்பிக்கும் உரியவை அல்ல. 'எனது குடும்பம்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லும்போது இந்தப் பிள்ளைக்கு 'எனது வீட்டு மரம்' என்றோ 'எனது அம்மம்மா' என்றோ வேறு தலைப்பும் கொடுங்கள் என்று எழுதினால் போதும். காரணத்தை எழுத வேண்டியதில்லை, வாசிக்கும் ஆசிரியர் வன்னியில் கற்பிப்பவராயின் அவருக்கு விளங்கும். அடுத்தவர் நாளைக் காலையில் வகுப்பில் செய்யக்கூடியதாக இருக்கும் வரியை மட்டும் எழுதுவது என்று நானே எனக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறேன்.

வேலைப்பளு கூடும் என்ற ஆட்சேபம் வரும். எங்களிடம் ஏற்கனவே நிரப்புவதற்கு எத்தனையோ படிவங்கள் இருக்கின்றன என்பது எனக்கும் தெரியும், அவற்றை நிரப்பி முடிக்க நான் வீட்டுக்குக் கொண்டுபோகாத வாரம் இல்லை. ஆனால் அந்தப் படிவங்களில் பல மேலே அனுப்பப்படுபவை, இந்தக் கொப்பி மேலே போக வேண்டியதில்லை. யாரும் இதைப் பரிசோதித்துச் சிவப்புமையில் கையொப்பமிடவும் வேண்டாம், அப்படிச் செய்யத் தொடங்கினால் அடுத்த ஆண்டே எல்லோரும் ஒரே வாசகத்தைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவோம். இது ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியருக்குக் கொடுக்கும் கொப்பியாகவே இருக்கட்டும்.

2014 இன் பின்னர் நான் என் வகுப்புகளுக்கு இதைச் செய்து வருகிறேன். இரண்டு முறை கைமாறிக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை என்னிடமிருந்து பெற்ற ஆசிரியை, தான் மாறிப்போகும்போது தன்னுடைய வரிகளையும் சேர்த்து மூன்றாமவரிடம் கொடுத்ததாகச் சொன்னார். நான் எழுதியிருந்த ஒரு வரியை அவர் வெட்டி, "இப்போது தனியாகவே வாசிக்கிறாள்" என்று பக்கத்தில் எழுதியிருந்தாராம்.

வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இதையொத்த ஏதாவது முறையைக் கைக்கொள்ளும் ஆசிரியர்கள் இருப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்கள் அதை எவ்வாறு செய்கிறார்கள், என்ன எழுதுகிறார்கள், எதைத் தவிர்க்கிறார்கள் என்பதைத் தங்கள் பத்திரிகைக்கு எழுதினால், அடுத்த இடமாற்றப் பட்டியல் வெளிவருவதற்கு முன் அதிபர்களோடு பேச எங்களுக்கு உதவியாக இருக்கும். எனது பெயரையும் பாடசாலையின் பெயரையும் தங்கள் தகவலுக்காக மட்டும் தனித்தாளில் இணைத்துள்ளேன். பிள்ளைகளை அடையாளம் காண இடமளிக்கக்கூடாது என்பதால் அவற்றை வெளியிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
வன்னி.